இணைப்பியும் அதிகார எல்லையும்

மகாவலியின் நீர் பொல்கொல்லை அணையிலே திருப்பப்பெற்று, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடே வந்து, 1976ஆம் ஆண்டு முதல் உக்குவளையில் மின்சாரத்தைப் பிறப்பிக்கின்றது. கலங்கலாயினும் தெளிவாயினும் வந்த நீரைச் சுரங்கம் அவ்வாறே கொண்டுசேர்க்கும். செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடைநின்று பணிபுரியும் இணைப்பி மென்பொருளோ அவ்வாறிருத்தல் ஆகாது.

2024ஆம் ஆண்டு டிசம்பரில் அமேசான் நிறுவனம் தனது ரெட்ஷிப்ட் தரவுக் களஞ்சியத்துக்குரிய ஜே.டி.பி.சி., ஓ.டி.பி.சி., பைதன் ஆகிய மூன்று இணைப்பிகளிலும் குறையொன்று உளதென அறிவித்தது. அட்டவணை முதலியவற்றின் விவரங்களை வினவும்போது, பயனர் தந்த சொல்லை அவை வெறும் பெயராகக் கொள்ளாது கட்டளையின் கூறாகவே ஏற்றன. ஆகவே, பெயர்போலப் புகுந்த சொல் கட்டளையாக இயங்கியது. அவ்விணைப்புக்கு உள்ள உரிமைகள் யாவும் அதற்கும் உரியவாயின. எளிய பயனரும் தமக்கு அளிக்கப்படாத அதிகாரத்தை எய்த வழி பிறந்தது. ஜே.டி.பி.சி. இணைப்பியின் 2.1.0.31ஆம் பதிப்பிற் காணப்பட்ட இக்குறை 2.1.0.32இல் நீக்கப்பெற்றது.

எனினும், பதிப்பை மாற்றுதல் மட்டும் போதாது. ஒவ்வோர் இணைப்புக்கும் அதன் பணிக்கு வேண்டிய உரிமையை மாத்திரம் அளித்தலே அறிவுடைமையாகும். அவ்வாறு செய்யின், நாளை வேறொரு குறை தோன்றினும் சேதம் அவ்வெல்லையினுள் அடங்கும்.