விளம்பரத்தில் பேச்சுவழக்கு மொழிபெயர்ப்பு

விளம்பரத்தில் பேச்சுவழக்கு மொழிபெயர்ப்பு என்பது, ஒரு மொழியின் கொச்சைச் சொற்களாலும் தெருவழக்காலும் அமைந்த விளம்பர வாசகத்தை வேறொரு மொழிக்குக் கொண்டு செல்வதாகும். இதில் அகராதிப் பொருளைவிட அச்சொல் கேட்பவரிடம் எழுப்பும் உணர்வே முக்கியம். எனவே இப்பணியை மொழிபெயர்ப்பு என்று சொல்லாமல் மறுபடைப்பு என்று குறிப்பிடுவது வழக்கம். இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டிரான்ஸ்கிரியேஷன்' என்ற சொல்லை, சமஸ்கிருத நூல்களை ஆங்கிலமாக்கிய கொல்கத்தா எழுத்தாளர் பி. லால் தம் பணிக்குப் பயன்படுத்தினார். விளம்பரத் துறை அதைத் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது.

ஜெர்மன் எடுத்துக்காட்டு

2002-இல் ஜெர்மனியின் சாட்டர்ன் மின்னணுப் பொருள் கடைகள் 'கைட்ஸ் இஸ்ட் கைல்' என்ற வாசகத்தை வெளியிட்டன. 'கைட்ஸ்' என்றால் கஞ்சத்தனம். 'கைல்' முதலில் காமவெறியைக் குறித்த சொல். இளைஞர் பேச்சில் 'செம', 'கெத்து' என்ற பொருளுக்கு மாறியது. இதை ஆங்கிலத்தில் 'சிக்கனம் நல்லது' என்று எழுதினால் பள்ளிச் சுவரில் எழுதிய பொன்மொழிபோல் ஆகிவிடும். வாசகத்தின் வேகமே, வெட்கப்பட வேண்டிய ஒன்றைப் பெருமையாகச் சொல்லும் துணிச்சலில்தான் இருக்கிறது. தமிழில் 'கஞ்சனா இருக்கிறதுதான் கெத்து' என்றால் ஓரளவு நெருங்கலாம். முதலெழுத்து மோனையும் தற்செயலாகக் கிடைக்கிறது.

மறுபுறமும் சிக்கல் உண்டு. டக்ளஸ் என்ற நறுமணப் பொருள் நிறுவனம் ஜெர்மனியில் 'கம் இன் அண்ட் ஃபைண்ட் அவுட்' என்று ஆங்கிலத்திலேயே விளம்பரம் செய்தது. உள்ளே வந்து தெரிந்துகொள்ளுங்கள் என்பது கருத்து. ஜெர்மானியர் பலர் அதை 'உள்ளே வந்து, வெளியேறும் வழியைக் கண்டுபிடியுங்கள்' என்று புரிந்துகொண்டனர்.

தமிழ்நாட்டில்

1998-இல் பெப்சியின் 'யே தில் மாங்கே மோர்' என்ற இந்தி வாசகம் தமிழில் 'உள்ளம் கேட்குமே மோர்' ஆனது. ஆங்கிலத்தில் 'இன்னும்' என்று பொருள்படும் கடைசிச் சொல் தமிழ்க் காதுக்கு நீர்மோராகவே கேட்கும். குளிர்பானம் விற்க வந்தவர்கள் அதன் பழைய போட்டியாளரின் பெயரைத் தாங்களே சொல்லிக் கொடுத்தது வேடிக்கைதான். ஆனாலும் வாசகம் மக்கள் நினைவில் நின்றது.

பிரசூன் ஜோஷி எழுதிய 'தண்டா மத்லப் கோகோ கோலா' வேறு வகை. வட இந்தியக் கடைகளில் குளிர்பானம் கேட்பவர் 'தண்டா' என்றுதான் கேட்பார். அந்த வழக்கையே நிறுவனம் தன் பெயரோடு முடிச்சுப் போட்டது. தமிழில் 'குளிர்ச்சி என்றால்' என்று தொடங்கினால் பயனில்லை. அப்படி யாரும் கடையில் கேட்பதில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதற்கு நிகரான சொல் 'கலர்'. 'ஒரு கலர் குடுங்க' என்பதே விருந்தாளிக்கு வாங்கும்போது எழும் குரல்.

சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் 'விசில் போடு' என்பதை ஆங்கிலத்தில் நேராகப் பெயர்த்தால், அலுவலக முறைகேட்டை அம்பலப்படுத்துவதைக் குறிக்கும் மரபுத்தொடர் வந்து நிற்கும். திரையரங்கின் முன்வரிசைக் கொண்டாட்டம் காணாமல் போகும். அணி அதைப் பெயர்க்காமல் ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்துக்கொண்டது; தமிழ் தெரியாத ரசிகர்களும் அதையே சொல்லக் கற்றுக்கொண்டனர்.

ஆவுடையார்கோவில் கொடுங்கை

சுற்றுலா விளம்பரத்திலும் இதே கேள்வி எழுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிக்கு அருகிலுள்ள ஆவுடையார்கோவில், மாணிக்கவாசகரோடு தொடர்புடைய திருப்பெருந்துறை ஆகும். கருவறையில் லிங்கத்தின் பாணம் இல்லை, ஆவுடையார் மட்டுமே உண்டு. ஊர்ப்பெயரும் அதனால் வந்தது. இங்குள்ள கொடுங்கை, அதாவது வெளியே வளைந்து தாழும் கற்கூரை, மரச்சட்டங்களும் ஆணிகளும் கொண்டு வேய்ந்ததுபோலக் கல்லில் மெல்லியதாகச் செதுக்கப்பட்டது. கல்லா மரமா என்று சோதிக்க ஒருவர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்த கதையும் சொல்லப்படுகிறது.

பழைய சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் பேசும்போது, திருவலஞ்சுழிப் பலகணி, ஆவுடையார்கோவில் கொடுங்கை போன்ற சில நீங்கலாக எதையும் செய்து தருவோம் என்று எழுதுவார்களாம். இது தொழிற்பேச்சு. ஆங்கிலத்தில் 'ஆவுடையார்கோவில் நீங்கலாக' என்று எழுதினால், இந்த ஊரில் ஏதோ குறை என்றுகூட வெளியூர்ப் பயணி நினைக்கலாம். மறுப்பின் வடிவில் வரும் உச்சப் பாராட்டு அது. 'பெருஞ்சிற்பிகளும் செய்து தருவதாக வாக்குக் கொடுக்காத வேலை' என்ற கருத்தை ஆங்கிலமாக்குவதே பொருந்தும்.

இத்தகைய பணியில் மொழிபெயர்ப்பாளர் தம் வாசகத்தோடு அதன் நேர்ப்பொருளையும், அதைத் தேர்ந்த காரணத்தையும் எழுதித் தருவது வழக்கம். மொழி தெரியாத வாடிக்கையாளர் முடிவெடுக்க அதுவே துணை. பத்துச் சொல்லுக்கு ஒரு நாள் ஆகலாம் என்பதால் சொல் கணக்கில் கூலி பேசுவது இங்கே பொருந்தாது. 'கொடுங்கை' என்ற சொல்லையும் பொதுவான ஆங்கிலக் கட்டடக்கலைச் சொல்லால் மாற்றாமல், 'விசில் போடு'போல அப்படியே வைத்து அருகில் ஒரு படமும் ஒருவரி விளக்கமும் தருவது நல்லது.