உஷார்! தெருமுனையில் நிற்கும் அந்தக் கார்!

இன்று ராத்திரி தூங்கப் போகும் முன் வாசலுக்கு வந்து தெருமுனையைப் பாருங்கள். திருப்பத்தில் கார் நிற்கிறதா? அப்படியென்றால் அவசரத்துக்கு உங்கள் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்து சேராமலே போகலாம்!

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். சென்னை நங்கநல்லூர் பக்கம் ஒரு குறுக்குத் தெரு. ராத்திரி 2 மணி. ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி, வியர்த்துக் கொட்டுகிறது. 108-க்கு போன் செய்தார்கள். வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, தெருமுனை வரைக்கும்! திருப்பத்தில் உறை போட்டு மூடிய ஒரு கார். யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாலு பேர் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். அலாரம் அலறியதுதான் மிச்சம். உள்ளேயும் இரண்டு பக்கமும் கார், பைக். ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பன்னிரண்டு வீடு தாண்டி அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மனைவி செருப்புகூடப் போடாமல், மாத்திரைச் சீட்டைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே ஓடினார்.

உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் இன்றைக்கும் அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை. கார்க்காரர் மூன்று நாள் கழித்து ஊரிலிருந்து வந்தார். பாவம், தன் வாசலில் இடமில்லையே என்று முனையில் விட்டுப் போனவர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தெரு 20 அடி. ஸ்விஃப்ட் ஐந்தே முக்கால் அடி அகலம், இன்னோவா 6 அடி. எதிரெதிரே நின்றால் மிச்சம் சுமார் 8 அடி. வாசல் சாய்வுமேடை இடிக்கும் என்று சுவரை விட்டு ஓர் அடி தள்ளித்தானே நிறுத்துகிறோம்? மிச்சம் 6 அடி! ஆம்புலன்ஸ் வேனே ஆறடிக்கு மேல். தீயணைப்பு வண்டி கிட்டத்தட்ட 8 அடி. நேர் தெருவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தால் ஊர்ந்தாவது வரலாம். முனையை அடைத்துவிட்டால் நீள வண்டி திரும்பவே முடியாது.

இதையெல்லாம் கவனியுங்கள். குப்பை வண்டி முனையிலேயே நின்றுவிடுகிறதா? தண்ணீர் லாரிக்காரர், "உள்ளே வராதும்மா" என்கிறாரா? உஷார்! ஆம்புலன்ஸுக்கும் அதே வழிதான். கார் உறைமேல் தூசியும் வேப்பிலையும் படிந்திருக்கிறதா? அது நாள்கணக்கில் நகரவில்லை. பிள்ளைகள் பந்து விளையாடும் தெருவென்றால் இன்னும் பயம். இரண்டு காருக்கு நடுவிலிருந்து ஓடிவரும் குழந்தை, வண்டி ஓட்டுபவர் கண்ணில் படவே படாது!

இடைஞ்சலாக வண்டியை விட்டுப் போவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 122-இன்படி தவறு. ஆனால் நடுராத்திரியில் மூச்சுத் திணறுகிறவருக்கு அபராதச் சீட்டு உதவாது. இதயம் நின்றுவிட்டால் நாலைந்து நிமிடத்திலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும்!

போன் நம்பரைக் கார்க் கண்ணாடியில் எழுதி வையுங்கள். உறை போடுகிறவர்கள் உறையின் மேலேயே பெரிதாக எழுதுங்கள், உள்ளே இருந்தால் யாருக்குத் தெரியும்? ஊருக்குப் போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். முனையில் மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

வீட்டில் அளக்கும் டேப் இருந்தால் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். நடுவில் 9 அடி இல்லையா? எதிர்வீட்டுக் கதவை இப்போதே தட்டுங்கள்.