அடையாள அட்டை எண்: பெயர்ப் பலகையா, சாவியா?

மாணவர்களே, 12 வயது ஆனதும் உங்களைத் தேசியப் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். கட்டைவிரல் ரேகை கொடுத்து, படம் பிடித்து, மைகாட் வாங்கி வந்திருப்பீர்கள். அட்டைதான் புதிது, அதிலுள்ள எண் பழையது. நீங்கள் பிறந்த நாளிலிருந்தே பிறப்புப் பத்திரத்தில் அது இருக்கிறது. பள்ளிப் பாரம், கிளினிக், டியூஷன் மையம், கைப்பேசிக் கடை என்று எங்கே போனாலும் அந்த 12 இலக்கங்களைத்தான் கேட்கிறார்கள். வீட்டு முகவரி மறந்தாலும் ஐசி நம்பர் மறப்பதில்லை.

அந்த எண்ணை யாராவது கேட்டால் கொடுக்கலாமா? இதைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு கருத்துகள் அடிக்கடி கேட்கும். "நான் என்ன தப்பு செய்தேன், மறைப்பதற்கு?" என்பார் தாத்தா. "அதெல்லாம் எப்போதோ வெளியே போய்விட்டது, இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?" என்பார் மாமா. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் சிக்கல் இருக்கும் இடத்தை இரண்டுமே தொடவில்லை.

முதலில் எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். 110823-04 என்று ஓர் எண் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி: 2011, ஆகஸ்டு 23. அடுத்த 04 பிறந்த மாநிலம், நமது மலாக்கா. (30 என்ற எண்ணும் மலாக்காவுக்கு உரியதே. ஜொகூருக்கு 01, நெகிரி செம்பிலானுக்கு 05.) மீதி இருப்பவை நான்கு இலக்கங்கள். அவற்றில் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 12 இலக்கங்களை இஷ்டப்படி எழுதினால் ஒரு டிரில்லியன், அதாவது லட்சம் கோடி எண்கள் கிடைக்கும். அத்தனையிலும் தேடி உங்கள் எண்ணைக் கண்டுபிடிப்பது யாராலும் ஆகாது என்று தோன்றும். ஆனால் உங்கள் பிறந்தநாள் வாழ்த்துகள் சமூக ஊடகத்தில் இருக்கின்றன. எந்தப் படிவத்தில் படிக்கிறீர்கள் என்பதிலிருந்து பிறந்த ஆண்டு தெரிந்துவிடும். அலோர் காஜாவிலோ ஜாசினிலோ பிறந்து வளர்ந்தவர் என்றால் நடுவில் 04 இருக்கப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. ஆணா பெண்ணா என்பதைப் பெயரே சொல்லும். கடைசி நான்கு இலக்கங்களுக்கு 10,000 வாய்ப்புகள். அதில் பாதி ஆண்களுக்கு, பாதி பெண்களுக்கு. ஆக, மிஞ்சுபவை அதிகபட்சம் 5,000 எண்கள். நொடிக்கு ஒன்றாக முயன்றாலும் ஒரு மணி 24 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கணினிக்கு அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பரிசு பெற்றவர் பட்டியல் போன்றவற்றில் முதல் எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாதுகாப்பாகத் தெரிகிறது. ஆனால் மறைத்த எட்டும் ஊருக்கே தெரிந்தவை. யாராலும் ஊகிக்க முடியாத பகுதி அந்தக் கடைசி நான்குதான், அதையல்லவா அச்சிட்டுக் கொடுக்கிறார்கள்!

அப்படியானால் இப்படி ஓர் எண் எதற்கு? பெயர் போதாதா? தமிழர்களாகிய நமக்கு இதற்குப் பதில் நன்றாகவே தெரியும். தோட்டத்தில் பெயர்களைப் பதிந்தவர் கிராணி. அவர் காதில் விழுந்தபடி, கைக்கு வந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதினார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளின் பத்திரங்களில் தந்தை பெயர் மூன்று விதமாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. லெட்சுமி, லட்சுமி, லெச்சுமி மூவரும் ஒருவரா, மூவரா? போதாததற்கு நம் பெயரின் நடுவே வரும் 'அனாக் லெலாகி', 'அனாக் பெரம்புவான்' என்பதன் சுருக்கத்தில் ஒரு சாய்கோடு இருக்கிறது. சில கணினிப் பாரங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. ஒரு தரவுத்தளத்தில் கோட்டோடும் இன்னொன்றில் கோடு இல்லாமலும் இருந்தால், கணினிக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். எண் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. பெயரை எப்படி எழுதினாலும் எண் ஒன்றுதான்.

எண் இல்லாதவரின் நிலை இன்னும் கடினம். நம் நாட்டில் அடையாள அட்டை பிறந்ததே ஒரு நெருக்கடியில்தான். 1948-ல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படமும் கட்டைவிரல் ரேகையும் கொடுத்து அட்டை வாங்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு உத்தரவிட்டது. காட்டிலிருந்த கெரில்லாக்கள் யார், பால்மரம் சீவுகிற சாதாரண மக்கள் யார் என்று பிரித்தறியவே அந்த ஏற்பாடு. அட்டை இருந்தவர் நடமாட முடிந்தது. கெரில்லாக்கள் மக்களிடமிருந்து அட்டைகளைப் பறித்துக் கிழித்ததும் அதனால்தான். பின்னாளில் லயத்து வீட்டிலேயே பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்டதால் நீல நிற அட்டை கிடைக்காமல் தவித்த இந்தியக் குடும்பங்கள் பல. பள்ளி, மருத்துவமனை, வேலை என எல்லாக் கதவும் அந்த அட்டையைக் கேட்டன. 2011-ல் அரசு 'மைடாப்தார்' என்ற பதிவு இயக்கத்தை நடத்த வேண்டியிருந்தது. எனவே இந்த எண்ணே வேண்டாம் என்று யாராவது சொன்னால், அவர் அது இல்லாமல் வாழ்ந்து பார்க்காதவர் என்றுதான் நான் நினைப்பேன்.

சரி, சிக்கல் எங்கே? இரண்டு வேலைகளைப் பிரித்துப் பாருங்கள். 'நான் இன்னார்' என்று சொல்வது ஒரு வேலை. 'அந்த இன்னார் நான்தான்' என்று நிரூபிப்பது வேறு வேலை. முன்னது வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப் பலகை. பின்னது சாவி. பெயர்ப் பலகை தெருவில் போகிற எல்லார் கண்ணிலும் பட வேண்டும், அதற்காகவே அது இருக்கிறது. சாவி உங்கள் கையில் மட்டும் இருக்க வேண்டும். பெயர்ப் பலகையை வாசித்துக் காட்டியவருக்கெல்லாம் கதவு திறக்கிற வீட்டில் நீங்கள் குடியிருப்பீர்களா?

மைகாட்டை உருவாக்கியவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்தே இருந்தது. 2001 செப்டம்பர் 5-ல் அறிமுகமான அந்த அட்டையில் ஒரு சில்லு இருக்கிறது. இரண்டு கட்டைவிரல்களின் ரேகைக் குறிப்புகளும் அதில் பதிந்திருக்கின்றன. ரேகைக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பன போன்ற புள்ளிகளே அந்தக் குறிப்புகள். வங்கி முகப்பில் அட்டையைச் செருகி விரலை வைத்தால், கருவி உங்கள் விரலையும் சில்லில் உள்ள குறிப்பையும் ஒப்பிடும். கையில் அட்டை இருக்க வேண்டும், விரலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். எண் பெயர்ப் பலகை, அட்டையும் விரலும் சாவி. நல்ல ஏற்பாடு.

ஆனால் நடைமுறையில் அந்தச் சில்லைப் படிப்பதற்குக் கருவி வேண்டும். எண்ணைக் கேட்பதற்கு வாய் போதும். அதனால் பல இடங்களில் எண்ணையே சாவியாக்கிவிட்டார்கள். தொலைபேசியில் "ஐசி நம்பர் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுக் கணக்கு விவரம் தருவது, அனுப்பும் ஆவணத்துக்கு ஐசி எண்ணையே கடவுச்சொல்லாக வைப்பது எல்லாம் இதன் விளைவு.

2024 ஜனவரி 2-ல் 'பாடு' என்ற முதன்மைத் தரவுத்தளம் தொடங்கப்பட்டபோது நடந்ததைப் பாருங்கள். உதவித் தொகையும் மானியமும் சரியானவர்களுக்குப் போய்ச் சேர, மக்கள் தங்கள் விவரங்களை அதில் பதிய வேண்டும் என்றது அரசு. தொடங்கிய உடனேயே முன்னாள் துணை அமைச்சர் ஓங் கியான் மிங் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார். ஒருவரது அடையாள அட்டை எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் போதும், வேறொருவர் அவர் பெயரில் கணக்குத் தொடங்கிவிடலாம் என்பதே அது. முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் கட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. குறைகளைச் சரிசெய்துவிட்டதாகப் பொருளாதார அமைச்சு பின்னர் அறிவித்தது. வெளிப்படையாகச் சொன்னவரும், சொன்னதைக் கேட்டுத் திருத்தியவர்களும் இருந்ததால் ஆபத்து குறைந்தது. ஆனாலும் வாசற்படியிலேயே பெயர்ப் பலகையைச் சாவியாக வைத்தது எப்படி யார் கண்ணிலும் படாமல் போனது என்ற கேள்வி எனக்கு இன்னும் உண்டு.

இப்போது மாமாவின் கருத்துக்கு வருவோம். எல்லாம் ஏற்கனவே வெளியே போய்விட்டது என்கிறாரே, அதற்கு ஆதாரம் உண்டு. 2017 அக்டோபரில் 'லோயாட்' இணையத்தளம் ஒரு செய்தி வெளியிட்டது. மலேசியக் கைப்பேசிச் சந்தாதாரர்களின் 4 கோடியே 62 லட்சம் எண்கள், வாடிக்கையாளர் விவரங்களோடு இணையத்தில் விற்பனைக்கு வந்திருந்தன. அப்போது நாட்டின் மக்கள்தொகையே சுமார் 3 கோடியே 20 லட்சம்தான். பலரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருந்ததால் கணக்கு அப்படி வந்தது. கைப்பேசி எண் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். வீடுகூட மாறலாம். பிறந்த தேதியும் பிறந்த மாநிலமும் சேர்ந்த எண்ணை எப்படி மாற்றுவது?

கசிந்த எண் என்ன செய்யும் என்பதைத் தாத்தாவிடம்தான் விளக்க வேண்டும். ஒருநாள் அவருக்கு அழைப்பு வருகிறது. மறுமுனையில் இருப்பவர் தன்னை வங்கி அதிகாரி என்றோ போலீஸ் என்றோ சொல்கிறார். அவருடைய முழுப்பெயரையும் ஐசி எண்ணையும் முகவரியையும் தடுமாறாமல் வாசிக்கிறார். "உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது" என்கிறார். இவ்வளவு தெரிந்தவர் உண்மையான அதிகாரியாகத்தான் இருப்பார் என்று தாத்தா நம்புகிறார். அந்த நம்பிக்கையில் ஊழியர் சேமநிதியில் வாழ்நாளெல்லாம் சேர்த்த பணம் போய்விடுகிறது. 'மக்காவ் மோசடி' என்று செய்தித்தாளில் படிப்பது இதைத்தான். தாத்தா எந்தத் தப்பும் செய்யவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. எண்ணைச் சொன்னவரை நம்பினார், அவ்வளவுதான். இங்கேயும் பெயர்ப் பலகை சாவியாகிவிட்டது. (அப்படி நடந்துவிட்டால் தாமதிக்காமல் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் கைமாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.)

மற்ற நாடுகள் என்ன செய்தன? தமிழ்நாட்டிலுள்ள உறவினர்களிடம் இருக்கும் ஆதார் எண்ணும் 12 இலக்கங்கள் கொண்டதுதான். ஆனால் அதில் பிறந்த தேதியோ மாநிலமோ கிடையாது. எழுந்தமானமாகத் தேர்ந்த எண், கடைசி இலக்கம் தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிப்பதற்கு. எண்ணைப் பார்த்து ஆளைப் பற்றி எதுவும் ஊகிக்க முடியாது. சிங்கப்பூர் வேறு வழியில் போனது. தனியார் நிறுவனங்கள் தேவையில்லாமல் அடையாள எண்ணைக் கேட்கக்கூடாது என்று 2019 செப்டம்பர் முதல் கட்டுப்பாடு வந்தது. 2024 டிசம்பரில் அங்கே ஓர் அரசு இணையத்தளத்தில் பெயரைத் தேடினால் முழு எண்ணும் தெரிந்தது. மக்கள் கொதித்தார்கள், அந்த வசதி சில நாளில் நிறுத்தப்பட்டது. அப்போது அரசு சொன்ன ஒரு விளக்கம் கவனிக்கத் தக்கது: இந்த எண் பெயரைப் போன்றது, இரகசியம் அல்ல, இதைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்துவதே தவறு. கருத்து சரிதான். ஆனால் பூட்டுகளையெல்லாம் மாற்றிய பிறகல்லவா சாவியைத் தெருவில் வைக்க வேண்டும்!

நம் நாட்டுச் சட்டம் உங்களுக்குச் சில உரிமைகளைத் தருகிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-ல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15-ல் அமலுக்கு வந்தது. டியூஷன் மையமோ கடையோ உங்கள் விவரத்தை எதற்காகக் கேட்கிறது என்று சொல்ல வேண்டும். தன்னிடம் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டால் காட்ட வேண்டும், தவறிருந்தால் திருத்த வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்புதல் தர வேண்டும். 2024-ல் சட்டம் திருத்தப்பட்டது. தரவுப் பாதுகாப்பு விதிகளை மீறுவோருக்கு உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது. தரவு கசிந்தால் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. ஆனால் ஒரு பெரிய ஓட்டை அப்படியே இருக்கிறது. மத்திய, மாநில அரசுகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. நம்மைப் பற்றி மிக அதிகமான தரவை வைத்திருப்பதே அரசுதான் எனும்போது, இந்த விலக்கு ஏன் என்று குடியியல் பாடத்தில் ஆசிரியரிடம் கேளுங்கள்.

வீட்டில் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. ஐசி நகல் கொடுக்க நேர்ந்தால், நகலின் குறுக்கே இரண்டு கோடுகள் போட்டு, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். எழுத்து அட்டையின் படத்தின் மேலேயே ஓட வேண்டும், ஓரத்தில் எழுதினால் வெட்டி எறிந்துவிடுவார்கள். கைப்பேசியில் அட்டையைப் படமெடுத்து வைத்திருந்தால் வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். அடுக்குமாடி வாசலில் பாதுகாவலர் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளக் கேட்டால், மரியாதையாக மறுக்கலாம். பிறர் அட்டையைப் பிடித்து வைக்கத் தனியார் பாதுகாவலருக்கு அதிகாரம் இல்லை என்று தேசியப் பதிவிலாகா பலமுறை சொல்லியிருக்கிறது. பெயரையும் கைப்பேசி எண்ணையும் புத்தகத்தில் எழுதிவிட்டு உள்ளே போகலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், அவருக்கும் வேலை சீக்கிரம் முடியும்.