மூன்று இடங்களும் எட்டு இடங்களும்

2021 ஜனவரியில், சையத் முஷ்டாக் அலி கோப்பை இருபது ஓவர் போட்டியில், சூர்யகுமார் யாதவ் தலைமையிலான மும்பையைப் புதுச்சேரி 94 ரன்னில் சுருட்டி ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. ரஞ்சிக் கோப்பையை நாற்பது தடவைக்கு மேல் வென்ற மும்பையை, தனக்கென்று ஓர் அணி கண்டு மூன்றாவது பருவத்திலேயே ஒரு சின்ன யூனியன் பிரதேசம் வீழ்த்தியது. அன்று 20 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தவர் சாந்தமூர்த்தி என்ற மிதவேகப் பந்துவீச்சாளர். அவருக்கு அப்போது வயது 41. பாண்டிச்சேரியில் கிரிக்கெட் பேசுகிறவர்கள் அந்த நாளை இன்றும் பெருமையோடு நினைக்கிறார்கள், நினைக்க வேண்டியதுதான். ஆனால் அந்த வெற்றிக்குள் ஒரு கேள்வியும் இருக்கிறது. ஓர் அணியைக் கட்டும்போது கைதேர்ந்தவர்களை எடுப்பதா, நாளைக்கு வளரக்கூடிய பிள்ளைகளை எடுப்பதா? புதுச்சேரி அணி பிறந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி அதை விடவில்லை. தேர்வுக் குழுவும் ரசிகர்களும் இதைப் பெரும்பாலும் வயதுக் கணக்காகவே பார்க்கிறோம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இதே கேள்வியை வருடா வருடம் வெளிப்படையாக, கோடிக்கணக்கான பணத்தை வைத்து விவாதிக்கிற இடம் ஒன்று உண்டு: அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக். அங்கே புது ஆட்டக்காரர்களை அணிகள் ஏலத்தில் எடுப்பதில்லை. டிராஃப்ட் என்ற முறையில் வரிசைப்படி ஆளுக்கு ஒருவராக எடுக்கின்றன. முப்பது அணிகள், இரண்டு சுற்று. போன பருவத்தில் தோற்ற அணிகளுக்கு முன்வரிசை கிடைக்கும்படி குலுக்கல் நடக்கும். கல்லூரியில் மூன்று, நான்கு வருடம் ஆடி முடித்த 22 வயதுக்காரரை எடுக்கலாம். ஒரே வருடம் ஆடிய 19 வயதுப் பையனையும் எடுக்கலாம். ஒரு காலத்தில் பள்ளியிலிருந்து நேராகவே எடுத்தார்கள். 1996-ல் கோபி பிரையன்ட் அப்படித்தான் 13-வது ஆளாக வந்தார். 2003-ல் லெப்ரான் ஜேம்ஸ் முதல் ஆளாக வந்தார். 2001-ல் அதே போல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட குவாமே பிரவுன் எதிர்பார்ப்பின் அருகில்கூட வரவில்லை. 2005 ஒப்பந்தத்துக்குப் பிறகு குறைந்தது 19 வயது ஆகியிருக்க வேண்டும் என்று விதி வந்தது. மறுபக்கத்தில், நான்கு வருடக் கல்லூரிப் படிப்பை முடித்து 1997-ல் வந்த டிம் டங்கன் சான் அன்டோனியோ அணிக்கு ஐந்து பட்டங்கள் தேடித் தந்தார். வீபர் ஸ்டேட் என்ற அதிகம் பேசப்படாத கல்லூரியில் நான்கு வருடம் இருந்த டேமியன் லில்லார்ட், 2012-ல் வந்த முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகம் ஆனார். வில்லனோவா கல்லூரியில் மூன்று வருடம் ஆடி இரண்டு முறை கல்லூரிகளுக்கிடையேயான கோப்பையை வென்ற ஜேலன் பிரன்சனை 2018-ல் 32 பேருக்குப் பிறகுதான் எடுத்தார்கள். பின்னாளில் நியூயார்க் அணியையே அவர் தோளில் தூக்கினார்.

இப்படி இரண்டு பக்கமும் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம், விடை வராது. நான் இதில் கவனிப்பது வேறொன்றை. முதல் சுற்றில் எடுக்கப்படுகிறவருக்கு நான்கு வருடம் வரை நிர்ணயிக்கப்பட்ட சம்பளம். அந்த நான்கு வருடமும் அவரை வைத்துக்கொள்ளும் உரிமை அணியின் கையில். 19 வயதுப் பையனுக்கு அது கற்கும் காலம், 22 வயதுக்காரருக்கு ஆடும் காலம். ஆகவே பையனை எடுக்கிற அணி, அவன் கற்பதற்கு இடமும் ஆளும் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒருவர் இருக்கிறார். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங், ஏழடி இரண்டு அங்குல உயரம், 2015-ல் டல்லாஸ் அணி 52-வது ஆளாக எடுத்தது. டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். ஆனால் ஒரே ஒரு என்.பி.ஏ. ஆட்டத்தில்கூட அவர் களம் இறங்கவில்லை. உயரமும் வயதும் அவரிடம் இருந்தன. பெரிய ஆட்டங்களில் நின்று தேறும் வாய்ப்புதான் கிடைக்கவில்லை.

இனி புதுச்சேரிக்கு வருவோம். கிரிக்கெட் நிர்வாகச் சீர்திருத்தத்துக்கான லோதா குழுவின் பரிந்துரைகளை ஏற்று உச்ச நீதிமன்றம் 2016-ல் தந்த தீர்ப்புக்குப் பின், 2018-19 பருவத்தில் ஒன்பது புது அணிகள் ரஞ்சியில் சேர்ந்தன. பீகார், உத்தராகண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆறு, அவற்றோடு புதுச்சேரி. அதற்கு முன் இங்கே பிறந்து பந்து வீசிய பையனுக்கு ரஞ்சி என்றால் அது வேறோர் அணியின் கதவு. சாந்தமூர்த்தியின் இருபதுகளும் முப்பதுகளும் கழிந்தபோது அவர் பின்னாளில் ஆடிய இந்த அணியே கிடையாது. அதனால் 41 வயதில் அவர் எடுத்த ஐந்து விக்கெட்டை அனுபவத்தின் வெற்றி என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது வருடம் முன்பே எடுத்திருக்க வேண்டிய விக்கெட்டுகள் அவை. ஓர் ஊருக்கு அணி இல்லாமல் போனால் யார் யார் காணாமல் போகிறார்கள் என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை.

புது அணி பிறந்ததும் தடுமாற்றமும் கூடவே வந்தது. 2018 செப்டம்பரில் விஜய் ஹசாரே கோப்பையில் மணிப்பூரை வென்ற கையோடு, புதுச்சேரியின் எட்டு ஆட்டக்காரர்களின் பதிவை இந்தியக் கிரிக்கெட் வாரியம் ரத்து செய்தது. அந்தப் பிரதேசத்தில் பிறந்திருக்க வேண்டும், அல்லது குறைந்தது ஒரு வருடமாவது அங்கே படித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ வேண்டும் என்பது வாரியத்தின் விதி. அவர்களுக்கு முதலில் காட்டிய தளர்வைப் பிறகு விலக்கிக்கொண்டது. ஓர் அணியில் பாதிக்கு மேல் ஆள் மாறியது. இந்த விதிக்கு வெளியே, ஒவ்வொரு அணியும் மூன்று பேர் வரை வெளி மாநிலத்திலிருந்து கெஸ்ட் பிளேயர்களாக, அதாவது சம்பளம் பேசி அழைத்து வரும் ஆட்டக்காரர்களாக, வைத்துக்கொள்ளலாம். ஆக வாரியமே ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. பதினொன்றில் மூன்று இடம் வந்தவருக்கு, எட்டு இடம் உள்ளூருக்கு.

அந்த மூன்று இடத்தைப் புதுச்சேரி பெரும்பாலும் நன்றாகவே பயன்படுத்தியது. இங்கிலாந்தில் டெஸ்ட் ஆடிய ராஜஸ்தானின் பங்கஜ் சிங் வந்தார். மும்பையின் அபிஷேக் நாயர் வந்தார். ரஞ்சியில் இரட்டைச் சதங்களைக் குவித்த இமாச்சலத்தின் பரஸ் டோக்ரா வந்து பல பருவங்கள் இங்கேயே தங்கினார். கர்நாடகத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறை கோப்பை வென்று தந்த வினய் குமார், 2019-20 பருவத்தில் புதுச்சேரிக்காக 45 விக்கெட் எடுத்தார். ரஞ்சியின் கீழ்ப்பிரிவான பிளேட்டில் தொடங்கிய அணி மேல்பிரிவான எலைட்டுக்கு ஏறியது. 2024 ஜனவரியில் டெல்லிக்கே போய் டெல்லியை ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அந்த ஆட்டத்தில் பத்து விக்கெட் எடுத்த கௌரவ் யாதவ் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தவர். வெளியூர்க்காரரை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று இவர்களைக் காட்டிக் கேட்பது நியாயமில்லை. முதல்தர ஆட்டத்தில் நான்கு நாள் எப்படி நிற்பது, பழைய பந்தை எப்படிப் பேச வைப்பது என்பதை எந்தப் பயிற்சிப் புத்தகமும் வினய் குமாரைப் போலச் சொல்லித் தராது. மிட் ஆஃபில் நிற்கிற 19 வயதுப் பையன் அதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறான்.

ஆனால் மிட் ஆஃபில் அந்தப் பையன் நிற்க வேண்டுமே. என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இளைஞனின் வழியை மறிப்பவர் பெரிய அனுபவசாலி இல்லை. அவர் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு பத்துப் பேருக்குக் கற்றுத் தருகிறார். வழியை மறிப்பவர் நடுத்தரத் தயார் ஆள். 27 வயது, சொந்த மாநிலத்தில் இடம் கிடைக்கவில்லை, அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் உள்ளூர்ப் பையனைவிடப் பத்து ரன் கூடுதலாக எடுப்பார், அவ்வளவே. அவர் ஆட்டத்தைத் திருப்பிப் போட மாட்டார், யாருக்கும் ஆசானாகவும் மாட்டார், இரண்டு பருவத்தில் வேறு ஊருக்கும் போய்விடுவார். எட்டு உள்ளூர் இடங்கள் இப்படிப்பட்டவர்களால் நிரம்பினால், அணிக்கு அனுபவமும் கிடைப்பதில்லை, எதிர்காலமும் கிடைப்பதில்லை. 2025 டிசம்பரில் ஓர் ஆங்கில நாளிதழ் வெளியிட்ட புலனாய்வுச் செய்தி, வெளி மாநிலத்தவர்கள் முகவரியும் ஆவணமும் ஏற்பாடு செய்துகொண்டு புதுச்சேரியின் 'உள்ளூர்' ஆட்டக்காரர்களாக ஆகிறார்கள் என்று குற்றஞ்சாட்டியது. 2021-க்குப் பிறகு இந்த அணிக்காக ரஞ்சி ஆடியவர்களில் புதுச்சேரியில் பிறந்தவர்கள் ஐந்தே பேர் என்றும் எழுதியது. யார் எந்த ஆவணத்தை எப்படி வாங்கினார்கள் என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். ஐந்து என்ற எண்ணிக்கை மட்டுமே எனக்கு வலிக்கிறது.

சென்னை சூப்பர் கிங்ஸைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. 2018-ல் தோனி, வாட்சன், பிராவோ, இம்ரான் தாஹிர் என்று முப்பது தாண்டியவர்களாகச் சேர்த்தபோது ஊரே கேலி செய்தது. இறுதி ஆட்டத்தில் வாட்சன் 117 ரன் எடுத்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். உண்மைதான். ஆனால் அவர்கள் உலகின் தலைசிறந்த முதியவர்கள்; எங்கும் இடமில்லாமல் வந்தவர்கள் கிடையாது. அதே சென்னை 2025-ல் பட்டியலில் கடைசிக்கு வந்ததும், அந்த டிசம்பர் ஏலத்தில் இந்திய அணிக்கு ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இருபதை ஒட்டிய இரு இளைஞர்களுக்குத் தலா 14.20 கோடி ரூபாய் கொடுத்தது. உச்சத்தில் உள்ளவரை எடு, அல்லது உச்சம் தொடக்கூடியவனை எடு; இரண்டுக்கும் நடுவில் இருப்பவருக்காகக் கஜானாவைத் திறக்காதே என்றுதான் அந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படிக்க முடிகிறது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. புதுச்சேரி சின்ன ஊர். காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்த்தும் 2011 கணக்கெடுப்பில் 12.48 லட்சம் பேர்தான். இதில் எட்டு முதல்தர ஆட்டக்காரர்களை எங்கே போய்த் தேடுவது என்கிறார்கள். கரீபியக் கடலில் பார்படாஸ் என்ற தீவு இருக்கிறது. மக்கள் தொகை மூன்று லட்சத்தைத் தொடாது. வொரல், வீக்ஸ், வால்காட், சோபர்ஸ், மார்ஷல், கார்னர் எல்லாரும் அங்கே பிறந்தவர்கள். அங்கே நடந்தது மாயம் ஒன்றும் இல்லை. கோம்பர்மியர், ஹாரிசன் கல்லூரி, லாட்ஜ் போன்ற பள்ளிகளின் அணிகள் முதல் டிவிஷன் லீக்கிலேயே ஆடின. பதினாறு வயதுப் பையன்கள் சனிக்கிழமைதோறும் வளர்ந்த ஆண்களுக்கு எதிராக, சில சமயம் டெஸ்ட் ஆட்டக்காரர்களுக்கே எதிராக, மட்டை பிடித்தார்கள். டெஸ்ட் ஆடிய டெரிக் சீலி கோம்பர்மியரில் ஆசிரியராக இருந்தார்; அவரிடம் கற்றவர் வொரல். சோபர்ஸ் பார்படாஸுக்கு முதல் ஆட்டம் ஆடியபோது வயது 16. முதிர்ந்தவரா இளையவரா என்று அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. இருவரையும் ஒரே மைதானத்தில் இறக்கினார்கள். புதுச்சேரியிலும் துத்திப்பட்டில் நல்ல மைதானம் இருக்கிறது. லாஸ்பேட்டையிலும் உப்பளத்திலும் ஆடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கெஸ்ட் பிளேயரோடு ஒப்பந்தம் போடும்போதே, ரஞ்சி ஆட்டங்களுக்கு முன்னால் சில வாரங்கள் உள்ளூர் லீக்கில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளோடு ஆட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மூன்று பேருக்குக் கொடுக்கிற பணம் முப்பது பேருக்குப் பலனாகும்.

'வெளியூர்க்காரர் என்று பிரிப்பது சரியா, இந்தியா முழுவதும் ஒன்றுதானே' என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் 23 வயதுக்குட்பட்டோருக்கான சி.கே. நாயுடு கோப்பையில் மணிப்பூருக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்தார் சிதக் சிங். மும்பையிலிருந்து வந்த 19 வயதுப் பையன். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கே தங்கிப் படிப்பவர், இங்கே வேலை பார்ப்பவர், லீக்கில் இங்கே வியர்வை சிந்துபவர் எங்கே பிறந்திருந்தாலும் புதுச்சேரிக்காரரே. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே பல ஊர் மக்கள் வந்து குடியேறிய ஊர் இது. தாளில் மட்டும் குடியிருப்பவரைத்தான் நான் மறுக்கிறேன். அவர் ஆடிவிட்டுப் போகும்போது ஒரு கிளப்பிலோ ஒரு பள்ளியிலோ எதுவும் விட்டுச் செல்வதில்லை.

கடைசியாக, தோல்வி. என்.பி.ஏ.வில் தோற்கிற அணிக்கு அடுத்த டிராஃப்டில் நல்ல வரிசை கிடைக்க வாய்ப்பு உண்டு. கீழ்ப்பிரிவு என்பதே கிடையாது. அதனால் அவர்களால் 19 வயதுப் பையனை நம்பி இரண்டு பருவம் தோற்க முடிகிறது. ரஞ்சியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. எலைட்டில் அடிமட்டத்துக்குப் போனால் பிளேட்டுக்கு இறங்க வேண்டும். எட்டு உள்ளூர் இடங்களையும் உள்ளூரிலேயே வளர்ந்தவர்களுக்குக் கொடுத்தால் புதுச்சேரி சில வருடம் அதிகம் தோற்கும், ஒருவேளை இறங்கவும் நேரும். இதை மறைத்துவிட்டு இளைஞர்களுக்காகப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் பிளேட்டிலும் ஆடுவது முதல்தர ஆட்டமே. வினய் குமாரின் 45 விக்கெட்டும் அங்கே எடுத்தவைதான். அந்தப் பிரிவில் மூன்று நல்ல சீனியர்களோடு எட்டுப் பையன்கள் நின்று கற்றுத் திரும்ப ஏறுவது, பெயருக்கு எலைட்டில் இருந்துகொண்டு நடுவில் முடிப்பதைவிட மேல் என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு பருவமும் அணிப் பட்டியல் அறிவிக்கும்போது, ஒவ்வோர் ஆட்டக்காரரும் புதுச்சேரியில் எந்தக் கிளப்புக்காக எத்தனை வருடம் லீக் ஆடினார் என்பதையும் பெயருக்குப் பக்கத்தில் இங்குள்ள கிரிக்கெட் சங்கம் அச்சிடட்டும். மூன்று பெயருக்குப் பக்கத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். நான்காவது பெயரிலிருந்து கேட்கும் உரிமை லாஸ்பேட்டைப் பையனின் அப்பாவுக்கு உண்டு.