பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர் கையில் என்ன இருக்கிறது?

மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்பா படுத்த படுக்கையானால் மூன்று பேருமா பார்த்துக்கொள்கிறார்கள்? ஒருவர்தான். அவர் பெரும்பாலும் மருமகள், அல்லது கல்யாணமாகாத மகள். மற்றவர்கள் போனில் விசாரிப்பார்கள், பொங்கலுக்கு வந்து, "என்ன இப்படி இளைச்சுட்டாரு?" என்று அவரிடமே கேட்பார்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோருக்கு அது கடமை விதிக்கிறது. அந்தப் பட்டியலில் மருமகள் இல்லை. அவரைச் சேர்க்க 2019இல் வந்த திருத்த மசோதாவும் சட்டமாகவில்லை. டயப்பர் மாற்றுகிறவர் சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை. ஆனாலும் அவர் பயன்படுத்திக்கொள்ள அதில் வழி இருக்கிறது.

உழைப்பைப் பங்கு போடுவது கஷ்டம். செலவைப் போடலாம். சொந்த வருமானத்தில் வாழ முடியாத பெற்றோர், கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கேட்டு மனு கொடுக்கலாம். அவரால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் அளிக்கும் வேறொருவர் கொடுக்கலாம். தீர்ப்பாயமே தானாக முன்வந்தும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளைமேல் மட்டும் மனு போனால், அந்தப் பிள்ளை மற்ற உடன்பிறப்புகளையும் அதில் சேர்க்கச் சொல்லலாம் என்பது பலருக்குத் தெரியாது. வெளிநாட்டில் இருப்பவருக்கும் சம்மன் போகும். வக்கீல் தேவையில்லை. 90 நாளில் முடிக்க வேண்டும், மிஞ்சிப்போனால் இன்னும் 30 நாள். சட்டப்படி உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய்தான். இன்றைய மருந்துச் செலவுக்கு அது காணாது. அண்ணன்மேல் மனுவா என்று கூசுகிறவர்களே அதிகம். மனு போடாவிட்டாலும் பரவாயில்லை. மருந்து, டயப்பர், உதவியாளர் சம்பளம் என்று மாதக் கணக்கெழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். "நீங்க கேட்கவே இல்லையே" என்ற பதிலுக்கு அப்புறம் இடமிருக்காது.

கணக்கு இன்னொன்றுக்கும் உதவும். அப்பாவின் ஏ.டி.எம். அட்டையில் பணம் எடுத்தவர் யார் என்ற சண்டை, அவர் காலமான பிறகு பார்த்துக்கொண்டவர் தலையில்தான் வந்து விடியும். பின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்வதைவிட வங்கியில் முறைப்படி கேட்பது நல்லது. கையெழுத்துப் போட முடியாத நோயாளி இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும்.

மறதி நோய் தொடங்கிய வீடுகள் ஏமாறும் இடம் பவர் பத்திரம். எழுதிக்கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்ததும் அந்தப் பவர் சட்டப்படி செல்லாமல் போய்விடும்; யாருக்கு எப்போது தேவைப்படுமோ அப்போது அது வெறும் காகிதம். அதற்குப் பிறகு நீதிமன்றம்தான் வழி. கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்து, சிகிச்சைக்காகச் சொத்தை விற்கச் சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் அனுமதித்தது. ஆனால் எல்லோராலும் அவ்வளவு தூரம் போக முடியுமா? டாக்டர் "மறதி ஆரம்பம்" என்று சொன்ன வாரத்திலேயே, நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கும்போது, நாமினி, உயில், கூட்டுக் கணக்கு எல்லாவற்றையும் அவர் விருப்பப்படி முடித்துவிடுங்கள். பேராசை என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். படுக்கைப் புண் வராமலிருக்க நோயாளியை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். தனி ஆளாகத் தூக்கினால் இடுப்பு போய்விடும். விரிப்பைப் பிடித்து இழுத்துப் புரட்டும் முறையை பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறை கற்றுக்கொண்டால் போதும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரையும் அப்படியே. யாரும் தேடி வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுங்கள்.

தூக்கமில்லாமல், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்து, பிறகு அழுகிறீர்கள் என்றால் 14416க்குப் பேசலாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது; கட்டணமில்லை, தமிழில் பேசலாம். நோயாளிக்காக மட்டும் அல்ல, உங்களுக்காகவும் பேசலாம். முதியோர் தொடர்பான சட்ட, ஓய்வூதியக் கேள்விகளுக்கு 14567.

கிடைக்காத ஒன்று லீவு. அதைக் கொடுக்கச் சட்டம் இல்லை, குடும்பம்தான் கொடுக்க வேண்டும். "முடியும்போது வாங்க" என்றால் யாரும் வரமாட்டார்கள். மே மாதம் முதல் பத்து நாள் தம்பி வீட்டில், தீபாவளி வாரம் அக்கா இங்கே வந்து தங்குவார் என்று தேதி போட்டுக் கேளுங்கள். வர முடியாதவர் அந்த நாட்களுக்கு உதவியாளர் சம்பளத்தைக் கொடுக்கட்டும்.