பொய்க் காயம், மெய்ப் பயிற்சி

2022 ஏப்ரல் 2, யுகாதி. ஜவ்வாது மலையின் திருப்பத்தூர் பக்கத்தில், புலியூர் மக்கள் சேம்பரை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போன வேன் மலைப்பாதையில் கவிழ்ந்து பள்ளத்தில் உருண்டது. 11 பேர் இறந்துபோனார்கள். இப்படிப்பட்ட இடத்துக்கு முதலில் போய்ச் சேர்பவர் மருத்துவர் அல்ல. பக்கத்துக் கொல்லையில் வேலை செய்தவர், பின்னால் வந்த வண்டியின் டிரைவர், அப்புறம் 108 ஆம்புலன்ஸ் ஊழியர். அலறுகிறவரை முதலில் தூக்குவதா, சத்தமே போடாமல் கிடக்கிறவரையா? ரத்தத்தைக் கண்டு கை நடுங்கும் அந்த நிமிடத்தில் புத்தகத்தில் படித்தது நினைவுக்கு வராது. அதே போன்ற காயத்தை, உயிருக்கு ஆபத்தில்லாத ஓர் இடத்தில் முன்பே பார்த்துப் பழகியிருக்க வேண்டும். அதற்காகத்தான் பொய்க் காயம் செய்கிறார்கள்.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. பழங்கால மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் ஓர் அத்தியாயம் முழுக்க இதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு படித்திருந்தாலும் கைப்பழக்கம் இல்லாத மாணவன் சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்று அது கறாராகச் சொல்கிறது. அறுத்துப் பழகப் பூசணி, சுரை, தர்பூசணி, வெள்ளரி. உள்ளே தைத்ததைப் பிடுங்கிப் பழகப் பலா, கோவை, வில்வப் பழங்களின் சதை. புண்ணின் ஆழம் பார்க்கப் புழு அரித்த மரமும் மூங்கிலும். தையல் போடத் துணியும் மெல்லிய தோலும், கட்டுப் போட மனித உருவில் செய்த பொம்மை. சீழ் வடிக்கப் பழக இலவம் பலகையில் மெழுகு பூசச் சொல்கிறது. பலாவுக்கும் மூங்கிலுக்கும் தேன்மெழுகுக்கும் ஜவ்வாது மலையில் பஞ்சமே கிடையாது என்பதை இதைப் படிக்கும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மெழுகுப் புண்கள் பரவின. பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனைக்காக நோயாளிகளின் தோலிலிருந்தே அச்செடுத்து, மெழுகு வார்த்து, வண்ணம் தீட்டியவர் ஜூல் பாரெத்தா. அதற்கு முன் அவர் காகிதக் கூழில் பழங்கள் செய்து விற்றுக்கொண்டிருந்தவர். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் செய்த மெழுகுப் புண்கள் 4,800க்கு மேல் அங்கே இன்றும் இருக்கின்றன. ‘மூலாஜ்’ என்று அந்தக் கலைக்குப் பெயர். பயிற்சிக்காக உயிருள்ள ஆளின் உடம்பில் காயம் வரைவதையும் இன்று அதே பெயரால்தான் சொல்கிறார்கள்.

நம் பக்கம் நெடுங்காலம் நடந்தது வேறு. அரசு ஆஸ்பத்திரியின் தரைப்பாயில் படுத்திருந்த ஏழைதான் கற்றுக்கொள்கிறவனின் பூசணிக்காய். முதல் தையலும், நரம்பு தேடித் தேடிக் குத்திய முதல் ஊசியும் அவர் உடம்பில்தான். மலையிலிருந்து டோலி கட்டித் தூக்கி வரப்பட்டவர் எதிர்த்துக் கேட்டதில்லை. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதுமில்லை. 2019இல் வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டம் ஒவ்வொரு கல்லூரியிலும் செய்முறைத் திறன் கூடம் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் நான் பெரிதாக நினைக்கும் மாற்றம் இதுதான். முதல் தவறு இனி பொம்மையின் மேல் நடக்கட்டும்.

பொம்மை விலை உயர்ந்தது. காயம் அப்படியல்ல. சர்க்கரைப் பாகில் சிவப்புக் கேசரிப் பவுடரும் துளி காபித் தூளும் கலந்தால் ரத்தம். காபித் தூள் சேர்க்காவிட்டால் அது ரோஸ்மில்க் மாதிரி பளிச்சென்று நின்று, பார்க்கிறவரின் நம்பிக்கையைக் கெடுத்துவிடும். வாசலினும் டிஷ்யூ பேப்பரும் அடுக்கடுக்காக ஒட்டிக் கிழித்துவிட்டால் தீப்புண்ணில் உரிந்த தோல், ஓரங்களில் கரித்தூள். மாவுப் பிசைவில் உடைத்த கோழி எலும்பைச் செருகினால் வெளியே துருத்தும் முறிவு. கிளிசரினைத் தண்ணீரில் கலந்து நெற்றியில் தெளித்தால் குப்பென்று வேர்த்த முகம். நடிக்கிறவருக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்று முழங்கையின் உட்புறத்தில் முதலில் கொஞ்சம் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் வெளிநாட்டு வழிமுறையை அப்படியே எடுத்துக்கொண்டு மலையேறினால் பாதிக் காயம் பொய்யாகவே நின்றுவிடும். அந்தக் கிட்டுகளில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. மாநிறத்திலும் கறுப்பிலும் ரத்தக்கட்டு பெரும்பாலும் ஊதாவாகத் தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கறுத்துத்தான் தெரியும். மூச்சு முட்டியவரின் நீலத்தைக் கன்னத்தில் தேடிப் பயனில்லை. நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் நகக்கண்ணிலும் பார்க்க வேண்டும். ரத்தசோகையைக் கீழ் இமையின் உள்ளேயும் உள்ளங்கையிலும் பார்க்க வேண்டும். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் தோலில் காயம் எப்படி இருக்குமோ அப்படி வரைந்தால்தான், அவர்களைப் பார்க்கப் போகும் கண் பழகும்.

பாம்புக்கடிதான் இதில் முக்கியம். இரண்டு பல் தடம், வழியும் ரத்தம் என்று எல்லோரும் வரைந்துவிடுவார்கள். கண்ணாடி விரியனுக்கு அது சரி. வீக்கமும் ஈறில் கசியும் ரத்தமும் சேர்க்கலாம். கட்டுவிரியன் அப்படி இல்லை. ராத்திரி தரையில் படுத்தவரைக் கடிக்கும். வலி பெரும்பாலும் இருக்காது, தடம் கூடச் சில நேரம் இருக்காது. விடிகாலையில் வயிற்று வலி, இமை சரிவு, எச்சில் விழுங்க முடியாமை, கடைசியில் மூச்சு. இந்தக் காயத்துக்கு வண்ணமே தேவையில்லை, நடிப்புதான் தேவை. “வயிறு வலிக்குது, கண்ணைத் தொறக்க முடியல” என்று ஒருவர் குழறிச் சொல்ல, பயிற்சி பெறுகிறவர் அஜீரணம் என்று நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாமல் பாம்பைச் சந்தேகிக்கிறாரா என்று பார்ப்பதுதான் சோதனை. நடிக்கிறவரின் காலில் இறுக்கிக் கட்டியதுபோல் கயிறும் கட்டிவிடலாம். அவசரப்பட்டு அவிழ்ப்பதும் ஆபத்து என்பது அப்போது மனத்தில் பதியும். 20 நிமிட ரத்த உறைவுச் சோதனைக்கு இரண்டு கண்ணாடிக் குழாய் போதும்: ஒன்றில் உறையாத ரத்தமாகச் சாயத் தண்ணீர், இன்னொன்றில் உறைந்த ரத்தமாகக் கெட்டியான சைனா கிராஸ்.

பிரசவ ரத்தப்போக்கும் அப்படித்தான். கண்ணால் மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்கிறார்கள். அரை லிட்டரைத் தாண்டினால் ஆபத்து என்று மனப்பாடமாகச் சொல்பவருக்கு, அரை லிட்டர் ஒரு பருத்திப் புடவையில் எவ்வளவு தூரம் பரவும் என்று தெரிவதில்லை. அளந்து ஊற்றிக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

டோலி முழுதாகப் போய்விடவில்லை. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் வந்தது. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி 2013இல் வந்தது. மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்குப் பஸ் போகிறது. அப்படியிருந்தும் 2023 மே மாதம், அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை பிழைக்கவில்லை. உடலைத் திருப்பிக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை இல்லாததால் பாதி வழியில் நின்றது. மிச்ச தூரம் தாய் அதைச் சுமந்து நடந்தார். சாலை போடாத குறையை எந்தப் பொம்மையும் தீர்க்காது. கடித்த முதல் ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் பயிற்சியால் மாற்றலாம். 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. தெரிவிக்க வேண்டுமானால் முதலில் அடையாளம் கண்டுகொள்ளத் தெரிய வேண்டும்.

ஜமுனாமரத்தூரில் அரசு கோடை விழா நடத்தியிருக்கிறது. அந்த விழா மைதானத்திலேயே ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, கிராம செவிலியர், 108 ஊழியர், வேன் டிரைவர்கள், ஆசிரியர்கள் எல்லோரையும் கூட்டி, கட்டுவிரியன் கடியையும் கவிழ்ந்த வண்டியையும் நனைந்த புடவையையும் ஒத்திகையாகக் காட்ட மலை பரவியிருக்கும் மூன்று மாவட்டங்களின் நிர்வாகங்களும் சுகாதாரத் துறையும் முன்வர வேண்டும். கேசரிப் பவுடரும் சர்க்கரையும் மலைக் கடைகளிலேயே கிடைக்கும்.