சாம்பலைக் களிமண்ணாக்குவது எது?

சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவின் தோபா எரிமலை வெடித்தபோது எழுந்த சாம்பல், வங்கக் கடலைத் தாண்டி இந்தியத் தீபகற்பத்தின் மேலும் படிந்தது. ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டத்து ஜ்வாலாபுரத்தில் அந்தப் படிவை இன்றும் மண்வெட்டில் பார்க்கலாம். அதற்குத் தென்கிழக்கே தமிழ்நாட்டில் உள்ள பொதட்டூர்பேட்டையின் குன்றுகள் மேலும் அது பெய்திருக்க வேண்டும். ஆனால் நிலத்தில் விழும் சாம்பலில் பெரும்பகுதியை மழை அரித்து, கொசஸ்தலையாறு போன்ற ஆறுகளின் வழியே கடலுக்குக் கொண்டுபோய்விடும். கடலடியில் விழுந்த சாம்பல்தான் அடுக்கடுக்காய்ப் புதைந்து நிலைக்கிறது. புதைந்த பின் அது களிமண்ணாகவும் வேறு கனிமங்களாகவும் மாறுகிறது. இந்த மாற்றத்தைக் காலத்தின் வேலை என்றே பலரும் எண்ணுகிறோம். சான்றுகளைப் பார்த்தால், நீரும் வெப்பமும் சாம்பலின் சேர்மானமுமே அதன் போக்கைத் தீர்மானிக்கின்றன.

எரிமலைச் சாம்பல் எரிந்த பொருளின் மிச்சம் அன்று. அதில் பெரும்பகுதி நுண்ணிய கண்ணாடித் துகள். கொதிக்கும் பாகைச் சட்டென்று ஆறவைத்தால் படிகம் கட்டாமல் கண்ணாடிபோல் உறைகிறதே, அப்படித்தான் பாறைக்குழம்பும் உறைகிறது. அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படாததால் கண்ணாடி நிலையற்றது. துகள்களின் இடையே தேங்கிய கடல்நீர் அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்த சிலிக்காவும் அலுமினியமும், நீரிலுள்ள மக்னீசியத்தைச் சேர்த்துக்கொண்டு, ஸ்மெக்டைட் என்னும் உப்பும் தன்மையுள்ள களிமண்ணாகப் படிகமாகின்றன. சியோலைட் என்னும் நுண்துளைக் கனிமங்களும் உடன் பிறக்கின்றன: பசால்ட் வகைச் சாம்பலில் பெரும்பாலும் பிலிப்சைட், சிலிக்கா மிகுந்ததில் கிளினோப்டிலோலைட். இன்னும் ஆழத்தில் சூடு ஏறினால் ஸ்மெக்டைட் பொட்டாசியத்தை ஏற்று, நீரை வெளியேற்றி, இல்லைட்டாக மாறுகிறது.

காலம்தான் காரணம் என்றால் பழைய சாம்பல் எப்போதும் அதிகம் மாறியிருக்க வேண்டும். 1988இல் இந்தியப் பெருங்கடலின் தொண்ணூறு கிழக்கு முகட்டில், சுமார் 2,900 மீட்டர் ஆழக் கடலில் துளையிடப்பட்ட 758ஆம் தளத்தில் தோபா சாம்பல் கிடைத்தது. சிலிக்கா மிகுந்த அந்தத் துகள்கள், குளிர்ந்த கடலடியில் இத்தனை ஆயிரம் ஆண்டு கிடந்தும் கண்ணாடியாகவே இருக்கின்றன. அதன் வேதிக்கூறைக் கொண்டே அது தோபாவினுடையது என்று அடையாளம் காண முடிகிறது. ஐஸ்லாந்துக் கடலில் 1963இல் எழத் தொடங்கிய சர்ட்சி தீவின் கதை வேறு. அது பசால்ட் சாம்பல். 1979இல் அங்கே துளையிட்டபோது உள்ளே சுமார் 140 டிகிரி செல்சியஸ் வரை சூடு இருந்தது. கண்ணாடி பெருமளவு மாறி, புதுக் கனிமங்கள் துகள்களைப் பிணைத்து, சாம்பல் பாறையாக இறுகியிருந்தது. இருபது ஆண்டுகூட ஆகவில்லை. காலம் தேவையே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. குளிர்ந்த இடத்தில் வினை மெதுவாக நடப்பதால் காலம் மிகுதியாக வேண்டியிருக்கிறது. ஆனால் வேகத்தை வகுப்பவை மற்ற மூன்றுமே.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தக்காணத்துக் கரிசல் மண்ணிலும் ஸ்மெக்டைட் மிகுதி. கிருஷ்ணாவும் கோதாவரியும் அதைக் கடலில் கொண்டுவந்து கொட்டுகின்றன. கடலடிக் களிமண் ஆற்று வண்டலாக ஏன் இருக்கக் கூடாது? பல இடங்களில் ஆற்று வண்டலேதான். பிரித்தறிய வழிகள் உண்டு. சாம்பலிலிருந்து வந்த களிமண்ணில் பழைய கண்ணாடித் துகளின் வளைந்த வடிவம் சில வேளை அப்படியே பதிந்திருக்கும். எளிதில் நகராத டைட்டானியம், சிர்க்கோனியம் ஆகியவற்றின் விகிதம் மூல எரிமலையைக் காட்டும். எல்லாவற்றையும்விட வலுவான சாட்சி, படிவின் இடைவெளிகளில் தேங்கிய நீர். ஆழ்கடல் துளைகள் பலவற்றில், கீழே போகப்போக அந்த நீரில் மக்னீசியம் குறைந்து கால்சியம் கூடுகிறது. ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதமும் எரிமலைப் பொருளின் விகிதத்தை நோக்கிச் சரிகிறது. வினை அந்த இடத்திலேயே நடக்காவிட்டால் நீர் இப்படி மாறாது.

நம் கடற்பரப்பைப் புரிந்துகொள்ள இந்த அறிவு அவசியம். 2006இல் இந்தியாவின் வாயு ஹைட்ரேட் ஆய்வுப் பயணம் அந்தமான் கடலடியில் துளையிட்டபோது, சாம்பல் அடுக்குகளில் மீத்தேன் ஹைட்ரேட் (மீத்தேனைச் சிறைப்பிடித்த பனிபோன்ற பொருள்) தங்கியிருக்கக் கண்டது. மாறாத சாம்பலின் துளைகளில் இடம் உண்டு; உப்பும் களிமண்ணாக மாறிவிட்டால் அந்தத் துளைகள் அடைபடும். ஆகவே கடலடியில் ஒரு சாம்பல் அடுக்கைக் கண்டால் அதன் வயதோடு நின்றுவிடக் கூடாது. அது எந்த வகைக் குழம்பிலிருந்து வந்தது, எவ்வளவு சூடு கண்டது, எந்த நீரில் ஊறியது என்று கேட்டால்தான் அது இன்று என்னவாக இருக்கிறது என்பதும், நாளை எதைத் தாங்கும், எதைத் தடுக்கும் என்பதும் விளங்கும்.